அடிக்கு ஒன்றரை இஞ்ச்

டீ ஆறுவதற்குள் போட்டுவிடக்கூடியதுதான் கூரைச் சரிவுக் கணக்கு. ஆனால் இதைப் போடாமல் கண்ணளவில் இறக்கிய சாய்ப்புதான் முதல் மழையிலேயே ஒழுகத் தொடங்குகிறது.

வீட்டுச் சுவரை ஒட்டி, வண்டி நிறுத்த 10 அடி அகலத்தில் தகர ஷீட் போடப்போகிறீர்கள் என்று வையுங்கள். சுவர்ப்பக்கம் உயரம், தூண்பக்கம் தாழ்வு. இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை, சுவரிலிருந்து தூண் வரையுள்ள கிடைத்தூரத்தால் வகுத்தால் வருவதுதான் சரிவு. ஷீட்டின் மேல் டேப் வைத்து அளக்கும் நீளத்தை இதில் சேர்க்கக் கூடாது. தரைக்கு இணையாக இழுத்துக் கட்டிய நூலின் நீளமே கணக்கு.

அடிக்கு ஒன்றரை இஞ்ச் சரிவு கொடுப்போம். 10 அடிக்கு 15 இஞ்ச். தூண் 7 அடி என்றால், சுவரில் 8 அடி 3 இஞ்சில் குறி போட வேண்டும். 15-ஐ 120-ஆல் வகுத்தால் 0.125, அதாவது 12.5 சதவீதம். கோணமாகச் சொன்னால் ஏறத்தாழ 7 டிகிரி. சுவரில் இடம் போதவில்லை என்றால் அடிக்கு ஒரு இஞ்ச் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போக வேண்டாம். மங்களூர் ஓடு என்றால் கதையே வேறு. ஓட்டின் இடுக்குகளில் தண்ணீர் நிற்காமல் வழிய அடிக்கு 6 இஞ்சாவது வேண்டும். அதே 10 அடிக்கு 5 அடி ஏற்றம்.

அடுத்தது ஷீட்டின் நீளம். தூணுக்கு வெளியே ஒரு அடி நீட்டினால் கிடைத்தூரம் 132 இஞ்ச், ஏற்றம் 16.5 இஞ்ச். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 133 இஞ்ச், அதாவது 11 அடி 1 இஞ்ச். 10 அடி ஷீட்டோடு துண்டு ஷீட் ஒட்டுப்போடாமல், 12 அடி ஷீட்டாகவே வாங்கிவிடுங்கள். சரிவு குறைந்த கூரையில் காற்றோடு அடிக்கும் மழை, அந்த ஒட்டு வழியாகத்தான் மேலேறி உள்ளே வரும். நீட்டிய ஓரம் தூண் உயரத்தைவிட ஒன்றரை இஞ்ச் தாழும். தலை இடிக்குமா என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது அளக்கும்போதுதான். தரை மட்டமாக இருக்காது. சுவர்ப்பக்கத் தரை 3 இஞ்ச் தாழ்ந்திருக்க, இரண்டு உயரத்தையும் தரையிலிருந்தே அளந்தால், நீங்கள் வைத்த 15 இஞ்ச் 12 ஆகிவிடும். கொத்தனாரின் லெவல் ட்யூபில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, சுவரிலும் தூணிலும் ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். உயரங்களை அந்தக் கோட்டிலிருந்து அளங்கள்.

சுவரில் கிடைக்கிற இடத்துக்கு ஏற்பச் சரிவை அடிக்கு ஒரு இஞ்சுக்கும் கீழே விட்டுவிடாதீர்கள். முதலில் சரிவை முடிவுசெய்து, தூண் உயரத்தையும் அகலத்தையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள்.