ஊட்டினால் மட்டும் போதுமா?

கல்விச் சுற்றுலா என்றதும் நம் பாடசாலைகள் பலவற்றுக்கு முதலில் நினைவுக்கு வருபவை தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையும் பின்னவலையுமே. புத்தளம், தில்லையடியிலிருந்து அதிகாலையில் பஸ் ஏறும் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். அவர்கள் அங்கு எதைக் கற்றுத் திரும்புகின்றனர் என்பதைச் சற்று ஆராய வேண்டியுள்ளது.

தெஹிவளையின் தொடக்கம் கல்வியன்று, வணிகம். 1920களில் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மானிய மிருக வணிகர் நடத்திய சேகரிப்பிலிருந்தே அது உருவானது. 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. மாலை வேளையில் யானைகள் ஆடும் காட்சி பல தசாப்தங்களாக அங்கு பெரும் கூட்டத்தைக் கவர்ந்து வந்தது. காட்டில் எந்த யானையும் முக்காலியில் ஏறி நிற்பதில்லை. சங்கிலியும் அங்குசமும் பசியும் கற்பித்த பாடத்தையே நாம் கைதட்டி ரசித்தோம். கட்டுண்ட யானை நின்ற இடத்திலேயே தலையை இடைவிடாது ஆட்டுவதைப் பார்த்து, அது மகிழ்ச்சியில் ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வோரும் உளர். அது மன உளைச்சலின் அடையாளம் என்பதே உண்மை.

பூனையொன்றை அடைத்து வைத்து, அது இறந்து போனதால் தண்டனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. மிம்பர்களில் அடிக்கடி கேட்கும் செய்திதான். ஆனால் அதில் இரண்டு குற்றங்கள் கூறப்படுவதை நாம் கவனிப்பதில்லை. அவள் அதற்கு உணவளிக்கவில்லை. தானாக இரை தேடித் தின்ன அதனை விடவுமில்லை. முதலாவதை மட்டும் நினைவில் கொண்டு, வேளைக்கு இரை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுகிறோம்.

மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை. அனஸ் (ரழி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் சிறு குருவியொன்றை வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் அதனைக் கண்டிக்கவில்லை. குருவி இறந்தபோது அச்சிறுவரிடம் பரிவோடு பேசினார்கள். துன்புறுத்தாமல் பறவை வளர்க்கலாம் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் கொள்கின்றனர். ஆயினும் அன்போடு வளர்ப்பது வேறு. டிக்கெட் விற்று ஆட வைப்பது வேறு.

தில்லையடி மக்களில் பலருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தோர், உலர் உணவு நிவாரணத்தில் பல ஆண்டுகளைக் கழித்தனர். பங்கீட்டு அரிசி பசியைத் தீர்த்தது. விட்டு வந்த ஊரை அது மீட்டுத் தரவில்லை. மனிதத் துயரை மிருகத்தின் நிலையோடு சமப்படுத்துவது நமது நோக்கமன்று. உண்பதும் வாழ்வதும் ஒன்றல்ல என்பதை அவர்களை விட நன்கறிந்தவர் யார்?

அதே புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் கடலில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை நூற்றுக்கணக்கான டொல்பின்கள் கூட்டமாகச் சுழன்று பாய்கின்றன. ஒலியெழுப்பி, அதன் எதிரொலியால் வழியறியும் இவ்வுயிரினத்துக்குச் சீமெந்துத் தொட்டி ஒரு சித்திரவதைக் கூடம். சென்னைக்கு அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்காக 1998இல் பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டொல்பின்கள் சில மாதங்களிலேயே மடிந்தன. 2013 மே மாதம் இந்திய மத்திய அரசு, டொல்பின் காட்சியகங்களுக்கு அனுமதி வழங்க வேண்டாமென மாநிலங்களைப் பணித்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்காகப் பழக்குவதற்கு அங்கு 1998இல் விதிக்கப்பட்ட தடையை, 2001இல் உயர் நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றமே உறுதிப்படுத்தியிருந்தது.

நமது நாடோ மிருகவதைக்கு எதிராக 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தையே நெடுங்காலம் நம்பியிருந்தது. அதில் உச்சத் தண்டப்பணம் 100 ரூபா! புதிய மிருக நலச் சட்டமூலத்தைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்தது. அதன் பிறகும், 2001இல் தாய்லாந்து அன்பளிப்புச் செய்த முத்துராஜா என்ற யானை, இங்கு பட்ட துன்பத்தின் பின் 2023 ஜூலையில் விமானமேற்றித் திருப்பியெடுக்கப்படும் அவமானம் நேர்ந்தது.

சுற்றுலாவுக்குக் கற்பிட்டியைத் தெரிவு செய்யலாம் என்பதே நமது யோசனை. ஆனால் அங்கும் இயந்திரப் படகுகள் டொல்பின் கூட்டத்தைச் சூழ்ந்து துரத்துகின்றன. கூண்டில்லாத சிறை அது. படகு அவற்றின் பாதையை மறித்தால், இயந்திரத்தை நிறுத்துங்கள் என்று ஓட்டியிடம் கூற, கட்டணம் செலுத்திய ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு.