எழுமலைப் பக்கத்து ‘அரசு கள்ளர் தொடக்கப் பள்ளி’: யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள்? கணக்கில் தெரிவதும் தெரியாததும்

மதுரை மாவட்டம் எழுமலை, சேடபட்டி, உசிலம்பட்டி பக்கம் போனால் பள்ளிச் சுவர்களில் ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும்: ‘அரசு கள்ளர் தொடக்கப் பள்ளி’. வெளியூர்க்காரர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். ‘இது ஒரு சாதிக்கு மட்டுமான பள்ளியா?’

இல்லை. எந்தச் சமூகத்துப் பிள்ளையும் சேரலாம். கட்டணம் கிடையாது. பாடநூலும் பாடத்திட்டமும் மற்ற அரசுப் பள்ளிகளில் இருப்பவைதான். ஒரே ஒரு வித்தியாசம், இவற்றை நடத்துவது பள்ளிக் கல்வித் துறை அல்ல. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத் துறையின் கீழ் வரும் கள்ளர் சீரமைப்பு அலுவலகம். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறக்குறைய 300 பள்ளிகள் இப்படி இயங்குகின்றன. அதில் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகள்.

ஏன் இப்படி ஒரு தனி ஏற்பாடு?

பதில் எழுமலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு 1871-ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். கைரேகை பதிய வேண்டும், ராத்திரியில் போலீஸ் கண்ணில் படும் இடத்தில்தான் படுக்க வேண்டும், வெளியூர் போக சீட்டு வாங்க வேண்டும். ஊர்க்காரர்கள் இன்றும் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிரிழந்த 16 பேருக்கு அங்கே ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தப்படுகிறது.

அந்தக் காலகட்டத்தில்தான் ‘சீரமைப்பு’ என்ற பெயரில் பள்ளிகளும் விடுதிகளும் வரத் தொடங்கின. மக்களைத் ‘திருத்துவதாக’ நினைத்து அரசு ஆரம்பித்த திட்டம் அது. பெயரிலேயே அந்தத் திமிர் இருக்கிறது. ஆனால் மாகாணத்தில் 1947-ல் சட்டம் நீங்கிய பிறகும் பள்ளிகள் நின்றன. பல குடும்பங்களில் முதல் முறையாகப் பேனா பிடித்தவர்கள் இந்த வகுப்பறைகளிலிருந்துதான் வந்தார்கள்.

சரி, இப்போ யார் படிக்கிறாங்க?

ஒன்றிய அரசின் ‘யுடைஸ் பிளஸ்’ தளத்தில் எந்தப் பள்ளியின் பெயரையும் போட்டுத் தேடலாம். 11 இலக்க எண்ணோடு ஒரு பக்கம் திறக்கும். எத்தனை ஆசிரியர்கள், எத்தனை மாணவர்கள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம் எல்லாம் போனிலேயே பார்க்கலாம்.

சிக்கல் சமூகப் பிரிவில்தான். யுடைஸ் கணக்கில் இருப்பது நான்கே கட்டங்கள்: பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி. தமிழ்நாட்டில் நாம் தனித்தனியாகப் பார்க்கும் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் எல்லோரும் அந்த ஒற்றை ஓபிசி கட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். அதாவது, சீர்மரபினர் பிள்ளைகளுக்காகவே தொடங்கிய பள்ளியில் எத்தனை சீர்மரபினர் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது தேசியக் கணக்கில் தெரியாது. மாநிலத்தின் ‘எமிஸ்’ பதிவில் தனிப் பிரிவு உண்டு, ஆனால் பெற்றோர் கையில் திறந்து பார்க்கும் பக்கம் அது இல்லை.

இன்னொன்றும் கணக்கில் வராது. மானாவாரி விவசாயம் கைகொடுக்காத ஆண்டுகளில் அப்பா, அம்மா பிழைப்புக்கு வெளியூர் போய்விட, அப்பத்தா வீட்டிலிருந்தோ அம்மாச்சி வீட்டிலிருந்தோ பள்ளிக்கு வரும் பிள்ளைகள். வீட்டுப் பாடத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத இந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கட்டமும் கிடையாது.

‘ரிசல்ட்’ எப்படி?

பத்தாம் வகுப்பு மாதிரி தொடக்கப் பள்ளிக்குப் பொதுத் தேர்வு இல்லை. அதனால் பள்ளிவாரியாக ‘தேர்ச்சி விகிதம்’ என்று ஒன்றும் வெளியாவதில்லை. ‘நாஸ்’, இப்போது ‘பரக்’ என்று நடக்கும் தேசிய ஆய்வுகள் மாதிரிக்குச் சில பள்ளிகளை மட்டும் எடுத்து மாவட்டத்தின் நிலையைச் சொல்லும். உங்கள் தெருப் பள்ளியைப் பற்றிச் சொல்லாது.

பள்ளிக்குள்ளேயே பார்க்க முடிந்தது ‘எண்ணும் எழுத்தும்’ மதிப்பீடு. 2022 ஜூனில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை தொடங்கி, பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும் வந்த திட்டம் இது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, அரும்பு, மொட்டு, மலர் ஆகிய மூன்றில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் யோசனை.

சின்னப் பள்ளிகளின் சதவீதத்தை மட்டும் உஷாராகப் படிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் நாலு பிள்ளைகள், ஒருவருக்கு வாசிக்க வரவில்லை என்றால் பேப்பரில் அது ‘25% பின்தங்கல்’. அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் ஊர் மாறினால் ‘100% சாதனை’. இரண்டுமே பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சதவீதத்தைவிட ஆசிரியர் எண்ணிக்கை நிறையச் சொல்லும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று. இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் லீவு போட்டாலோ பயிற்சிக்குப் போனாலோ, அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே அறை. இதைப் பார்த்துத்தான் பெற்றோர் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றுகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் பணியிடமும் குறையும், பணியிடம் குறைந்தால் இன்னும் பிள்ளைகள் போவார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில்தான் தொடங்கியது. காலையில் பசியோடு வரும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். ஆனால் இந்தச் சுழலை அது மட்டும் நிறுத்தாது.

பெயர் மாறுமா?

2023 மார்ச் பட்ஜெட்டில், பல துறைகள் நடத்தும் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அரசு அறிவித்தது. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்றது. உசிலம்பட்டி வட்டாரத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ‘இது சாதிப் பெருமை இல்லை, எங்கள் முன்னோர் பட்டதற்குக் கிடைத்த ஈடு’ என்பது எதிர்ப்பவர்களின் வாதம். பிள்ளையின் நெற்றியில் சாதியை ஒட்டி அனுப்பக் கூடாது என்பது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தத் துறை நடத்தினாலும், ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில், ‘எங்க புள்ள அரும்பா, மொட்டா, மலரா? போன பருவத்துல எங்க இருந்துச்சு?’ என்று கேட்கலாம். ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். காலிப் பணியிடம் இருந்தால் தீர்மானம் போட்டு மேலே அனுப்பும் வேலையும் அதே குழுவுடையதுதான்.