தீபக் கொப்பரையில் அணுக்களின் பிணைப்பு

கார்த்திகைத் தீபத் திருநாள், மாலை 6 மணி. 2668 அடி உயர அண்ணாமலை உச்சியில், செப்புக் கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. சுமார் 3500 கிலோ நெய், 1000 மீட்டர் காடாத் துணித் திரி. தீபம் 11 நாள் காட்சி தரும்.

நெய்யின் மூலக்கூறில் கார்பன், ஹைட்ரஜன், கொஞ்சம் ஆக்சிஜன். அடுத்தடுத்த அணுக்கள் எலக்ட்ரான்களை இணை இணையாகப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்து நிற்கின்றன. இதுவே சகப்பிணைப்பு. 1916இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் தந்த விளக்கம் இது.

பிணைப்பு உடைவதால்தான் வெப்பம் பிறக்கிறது என்று வேதியியல் படித்தவர்கள்கூட நினைப்பதுண்டு. உண்மை நேர்மாறானது. உடைக்க ஆற்றல் செலவாகும். திரியில் கற்பூரமிட்டுக் கொளுத்துவது அதற்குத்தான். கார்பனும் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்சிஜனோடு புதிதாகப் பிணைந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறும்போதுதான் செலவை மிஞ்சிய வரவு. ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 413 கிலோஜூல் வேண்டும். கார்பன் டை ஆக்சைடில் உருவாகும் ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பும் ஏறத்தாழ 800 கிலோஜூல் தருகிறது.

கொப்பரையின் சங்கதி வேறு. செம்பு அணுக்கள் தம் வெளி எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகின்றன. அவை உலோகம் முழுக்க உலவுவதால், அணுக்கள் இடம் நகர்ந்தாலும் பிணைப்பு அறுவதில்லை. செம்பைத் தட்டி வளைக்க முடிவது இதனால்தான்.

ஆக்சிஜன் போதாத இடத்தில் கார்பன் கார்பனோடே பிணைந்து கரியாகப் படிகிறது. அந்தத் தீப மை மார்கழியில், ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டு, பிறகு பக்தர்களுக்கு வழங்கப்படுகிறது.