குப்பையோடு குண்டுமணியும் போகலாமா?

கம்ப்யூட்டரில் சேரும் குப்பையைப் பத்திரமாக அகற்றும் முறை

உப்பு வாருவதைப் பார்த்திருக்கிறீர்களா?

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்துக்கு அருகே, கடலோரத்தில் இருக்கிறது எக்கியார்குப்பம். மீனவர்கள் வாழும் ஊர். அங்கிருந்து மரக்காணம் பக்கம் போனால், கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள்.

உப்பு வாருவது சுலபமான வேலை போலத் தோன்றும். பலகையால் இழுத்தால் உப்பு வந்துவிடும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேலோட்டமாக இழுக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினால், அடியில் மிதித்துக் கெட்டிப்படுத்திய களிமண்ணும் சேர்ந்து வந்துவிடும். உப்பும் கெட்டது, பாத்தியும் கெட்டது!

இன்னொரு விஷயமும் உண்டு. உப்பு விளைந்த பிறகு பாத்தியில் ஒரு கசப்பு நீர் மிஞ்சும். அதை அவ்வப்போது வெளியே விட வேண்டும். விடாவிட்டால் அடுத்து விளையும் உப்பும் கசக்கும். ஆனால் அதை விடுவதற்காக வரப்பையே யாரும் வெட்டி எறிவதில்லை.

எதைத் தள்ளுவது? எதைத் தொடாமல் விடுவது? இது தெரிந்தவரே கைதேர்ந்த உப்பளத் தொழிலாளி.

வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதும் இதே போன்ற வேலைதான்!

"இடம் இல்லை!"

தமிழக அரசு 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி, மாணவ-மாணவிகளுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு, ஓலை வீட்டுக்குள்ளும் கம்ப்யூட்டர் நுழைந்தது.

கடலோரக் கிராமத்தில் அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா படகில் போகிறவர். அம்மா உப்பளத்துக்குப் போகிறவர். அக்காள் பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்த மடிக்கணினியில், தங்கை கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறாள். நாளை கடைசி நாள்.

அந்த நேரம் பார்த்து, "இடம் போதவில்லை" என்று கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது.

"அண்ணே, இதில் எதை அழிக்கிறது?" என்று பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்கிறாள்.

"பழசை எல்லாம் ஏன் வைத்திருக்கிறே? எல்லாத்தையும் அழிச்சுடு, பாப்பா!" என்கிறார் அவர்.

அழித்துவிட்டாள். இடம் கிடைத்தது. ஆனால், இறக்கி வைத்திருந்த சாதிச் சான்றிதழ் எங்கே? வருமானச் சான்றிதழ் எங்கே? செத்துப்போன பாட்டியின் போட்டோ எங்கே?

சான்றிதழை மறுபடியும் வாங்கிவிடலாம். ஆனால் நாளை கடைசி நாள் ஆயிற்றே! பாட்டியின் போட்டோவை எந்த ஆபீசில் போய்க் கேட்பது?

இது கற்பனைதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. குப்பையைக் கூட்ட வேண்டியதுதான். அதற்காகக் குப்பையோடு குண்டுமணியும் போகலாமா?

குப்பை எது?

கல்யாண வீட்டில் சமையல் நடக்கிறது. காய் நறுக்கிய தோல், அரிசி களைந்த நீர், மாவு ஒட்டிய பாத்திரம் எல்லாம் ஒரு பக்கம் சேருகின்றன. சமையல் நடக்கும்வரை அவை அங்கே கிடந்துதான் ஆக வேண்டும். பந்தி முடிந்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லை.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். நீங்கள் ஒரு கடிதம் அடித்தாலும், படம் பார்த்தாலும், அச்சு எடுத்தாலும், அது தன் வசதிக்காகச் சில பைல்களை உண்டாக்கிக்கொள்ளும். அவைதான் "தற்காலிக பைல்கள்". ஆங்கிலத்தில் "டெம்பரரி பைல்ஸ்" என்பார்கள்.

வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரே அவற்றை அழித்துவிட வேண்டும். ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. புயல், மழை என்று திடீரென மின்சாரம் போய்விடுகிறது. கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடுகிறது. சுத்தம் செய்ய அதற்கு நேரம் ஏது? குப்பை அப்படியே தங்கிவிடும். இப்படி மாதக்கணக்கில் சேர்ந்தால், பல ஜி.பி. இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஆகவே, மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான்:

கம்ப்யூட்டர் தனக்காக உண்டாக்கிக்கொண்டதைத் தள்ளலாம். மனிதன் உண்டாக்கியதையும், மனிதன் கொண்டுவந்து வைத்ததையும் கண்ணால் பார்க்காமல் தள்ளக்கூடாது!

கரடிப் பொம்மை செய்த கலாட்டா

2002-ம் ஆண்டில் உலகம் முழுவதும் ஒரு மின்னஞ்சல் சுற்றியது.

"உங்கள் கம்ப்யூட்டரில் கரடிப் பொம்மை படம் போட்ட ஒரு பைல் இருக்கும். அது வைரஸ். 14 நாள் தூங்கிக் கிடந்து, பிறகு நாசம் செய்யும். உடனே அழித்துவிடுங்கள். நண்பர்களுக்கும் சொல்லுங்கள்!"

தேடிப் பார்த்தார்கள். கரடிப் பொம்மை இருந்தது! பயந்துபோய் அழித்தார்கள். நண்பர்களுக்கும் கடிதம் அனுப்பினார்கள்.

உண்மை என்ன தெரியுமா? அது வைரஸ் அல்ல. விண்டோசோடு சேர்ந்தே வந்த ஒரு பைல். அதில் கரடிப் பொம்மை படம் இருந்ததும் இயற்கையானதே. யாரோ கட்டிவிட்ட புரளியை நம்பி, ஜனங்கள் தங்கள் கையாலேயே நல்ல பைலை அழித்தார்கள்.

இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் "இதை அழியுங்கள், அதை அழியுங்கள்" என்று யோசனைகள் வருகின்றன. பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் அழிக்காதீர்கள். "விண்டோஸ்" என்ற அறைக்குள்ளும், "புரோகிராம் பைல்ஸ்" என்ற அறைக்குள்ளும் போய்க் கை வைக்கவே வேண்டாம்.

துடைப்பத்துக்குள் திருடன்!

"நான் சுத்தம் செய்து தருகிறேன்" என்று கூவி அழைக்கும் புரோகிராம்கள் பல உண்டு. அவற்றில் பெயர் பெற்றது "சிகிளீனர்". கோடிக்கணக்கான பேர் நம்பிய புரோகிராம்.

2017-ம் ஆண்டில் திருடர்கள் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். சிகிளீனருக்குள் தங்கள் உளவு புரோகிராமை ஒளித்து வைத்தார்கள். ஆகஸ்டு 15-ந்தேதி முதல் செப்டம்பர் 12-ந்தேதி வரை அந்தப் பதிப்பு வெளியே போயிற்று. சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் அது ஏறியது! பெரிய பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகளைத்தான் திருடர்கள் குறி வைத்திருந்தார்கள். செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. அந்தப் பதிப்பை நீக்கி, நல்ல பதிப்பைக் கொடுத்தார்கள்.

பெயர் பெற்ற புரோகிராமுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாதவை எப்படி? "உங்கள் கம்ப்யூட்டரில் 500 கோளாறு" என்று திரையில் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். விண்டோசிலேயே துடைப்பம் இருக்கிறது. காசும் வேண்டாம், வெளி ஆளும் வேண்டாம்.

செய்யும் முறை

முதலில், செய்துகொண்டிருக்கும் வேலைகளைச் "சேவ்" செய்து மூடுங்கள். பிறகு "ரீஸ்டார்ட்" கொடுங்கள். பாதியில் நின்ற வேலைகள் ஒழுங்குக்கு வந்துவிடும்.

அடுத்து, "செட்டிங்ஸ்" திறந்து "சிஸ்டம்" என்பதற்குப் போங்கள். அதில் "ஸ்டோரேஜ்". அதற்குள் "டெம்பரரி பைல்ஸ்". விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் இதே வழிதான். பழைய விண்டோஸ் 7 உள்ள மடிக்கணினியில், "ஸ்டார்ட்" பொத்தானை அழுத்தி, "டிஸ்க் கிளீனப்" என்று தேடுங்கள்.

ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அவசரப்பட்டு எல்லாக் கட்டத்திலும் குறி போட்டுவிடாதீர்கள்!

"டெம்பரரி பைல்ஸ்", "டெம்பரரி இன்டர்நெட் பைல்ஸ்", "தம்ப்நெயில்ஸ்", "டெலிவரி ஆப்டிமைசேஷன் பைல்ஸ்" — இவற்றில் தைரியமாகக் குறி போடலாம். இவை கம்ப்யூட்டர் தனக்காக வைத்துக்கொண்டவை. தேவைப்பட்டால் மறுபடியும் உண்டாக்கிக்கொள்ளும்.

"பிரீவியஸ் விண்டோஸ்" என்று தொடங்கும் வரி இருந்தால், கொஞ்சம் யோசியுங்கள். அது பழைய விண்டோஸ். புதியது பிடிக்காவிட்டால் திரும்பிப் போக உதவும். அழித்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. பொதுவாக 10 நாள் கழித்து அதுவே போய்விடும்.

"டவுன்லோட்ஸ்" என்ற வரியில் குறி இருந்தால், உடனே எடுத்துவிடுங்கள். அதுதான் குண்டுமணி கிடக்கும் இடம்! இ-சேவையில் இறக்கிய சான்றிதழ், பரீட்சை ஹால் டிக்கெட், மின்சாரக் கட்டண ரசீது எல்லாம் அங்கேதான் போய் விழுகின்றன. தனியாகத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதை வேறு இடத்தில் வைத்த பிறகுதான் மற்றதைத் தள்ள வேண்டும்.

"ரீசைக்கிள் பின்" என்பது குப்பைக் கூடை. கூடையைக் கொட்டுமுன் ஒரு முறை கிளறிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பென் டிரைவில் அழிக்கும் பைல் பெரும்பாலும் இந்தக் கூடைக்கு வராது. நேரே போய்விடும்!

எல்லாம் சரிபார்த்த பிறகு, "ரிமூவ் பைல்ஸ்" அழுத்துங்கள். வேலை முடிந்தது.

இணையம் பார்க்கும் குரோம் போன்றவற்றிலும் குப்பை உண்டு. கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் "கேச்டு இமேஜஸ்" என்ற கட்டத்தில் மட்டும் குறி போடுங்கள். "பாஸ்வேர்ட்ஸ்" என்பதைத் தொட்டால், அது நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும்.

குப்பை போலத் தெரியும், குப்பை அல்ல!

மின்சாரம் போய் வந்ததும் சுத்தம் செய்யத் தொடங்காதீர்கள். நீங்கள் அடித்துக்கொண்டிருந்த கடிதத்தின் ஒரே பிரதி, கம்ப்யூட்டர் அவசரத்துக்கு எடுத்து வைத்த பைலாக இருக்கலாம். "வேர்ட்" புரோகிராம் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை அப்படி எடுத்து வைக்கிறது. முதலில் "வேர்ட்" திறந்து, கடிதம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் "சேவ்" செய்யுங்கள். துடைப்பத்தைப் பிறகு எடுக்கலாம்.

இன்னொரு ஏமாற்றம் உண்டு. மின்னஞ்சலில் வந்த விண்ணப்பத்தை அங்கேயே திறந்து எழுதுகிறோம். "ஜிப்" மூட்டையைப் பிரிக்காமல், உள்ளே இருப்பதை அப்படியே திறந்தும் எழுதுகிறோம். பல சமயங்களில் கம்ப்யூட்டர் அதைத் தற்காலிக அறையில்தான் வைத்திருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியது, சுத்தம் செய்யும்போது காணாமல் போகும்! ஆகவே, எழுதத் தொடங்கும் முன்பே "டாக்குமெண்ட்ஸ்" அறையில் சேமித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை காப்பாற்றிய சினிமா

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் தவறு நேரலாம். 2018-ம் ஆண்டு அக்டோபரில், விண்டோசை உண்டாக்கிய மைக்ரோசாப்ட் கம்பெனியே தவறிவிட்டது. அது கொடுத்த புதிய பதிப்பு, "பழைய காலி அறை" என்று நினைத்துச் சிலருடைய அறைகளை உள்ளே இருந்த பைல்களோடு அழித்துவிட்டது. நான்கே நாளில் அந்தப் பதிப்பை நிறுத்தி வைத்தார்கள்.

அதற்கும் முன்னால், 1998-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. பிக்சார் கம்பெனி, "டாய் ஸ்டோரி 2" என்ற பொம்மைச் சினிமாவைக் கம்ப்யூட்டரில் தயாரித்துக்கொண்டிருந்தது. தவறாகக் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால், படம் கண் முன்னாலேயே மறையத் தொடங்கியது. சரி, எடுத்து வைத்த பிரதியைப் பார்ப்போம் என்று போனால், அதுவும் சரியாகப் பதிவாகவில்லை!

எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அப்போது அங்கே வேலை பார்த்த கேலின் சுஸ்மன் என்ற பெண்மணிக்கு ஒரு ஞாபகம் வந்தது. குழந்தை பெற்றிருந்ததால், அவர் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அதற்காக அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிப் பத்திரமாகக் காரில் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது!

நம் வீட்டுக்கும் அதுவே பாடம். முக்கியமான பைல் எதுவானாலும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, வேறு இடத்தில் வையுங்கள். எடுத்து வைத்தால் போதாது. திறக்கிறதா என்றும் பாருங்கள். மத்திய அரசு 2015-ம் ஆண்டில் தொடங்கிய "டிஜிலாக்கர்" இருக்கிறது. ஆதார் அட்டை போன்றவற்றை அதில் காசு இல்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

தினமும் தேவை இல்லை. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். இடம் குறைவதாகக் கம்ப்யூட்டர் சொன்னால் உடனே செய்யலாம்.

சுத்தம் செய்தால் பழைய கம்ப்யூட்டர் புதிதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இடம் அடைத்துத் திணறினால், திணறல் குறையும். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் இடம் போதாவிட்டால், இடத்தை அடைப்பது குப்பை அல்ல. உங்கள் போட்டோக்களும் வீடியோக்களுமே. அவற்றை அழிக்காமல் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ஐப்பசி மழை வந்தால் மரக்காணத்து உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கிவிடும். மழை ஓய்ந்ததும் தொழிலாளர்கள் சேற்றை அள்ளி, வரப்பைச் சரி செய்து, பாத்தியை மறுபடியும் மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். சேற்றை அள்ளுகிறவர் பாத்தியைப் பெயர்ப்பதில்லை.

அடுத்த முறை அழிக்கும் பொத்தான் மேல் விரல் வைக்கும்போது, உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இது கம்ப்யூட்டர் போட்ட குப்பையா? நான் வைத்த பொருளா?"

பதில் தெரியும்வரை, விரலை எடுத்துவிடுங்கள்!