அதிபர் ஜாரெட் எங்கிருந்து வந்தார்?

மதபோதகர் ஒருவர் அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கிறார். அமெரிக்காவை மீண்டும் மகத்தான நாடாக்குவோம் என்பது அவருடைய முழக்கம். ஜெயித்தும் விடுகிறார். ஆக்டேவியா பட்லர் 1998-இல் வெளியிட்ட ‘பேரபிள் ஆஃப் த டேலண்ட்ஸ்’ என்ற அறிவியல் புனைகதையில் வருகிற ஆண்ட்ரூ ஸ்டீல் ஜாரெட்தான் அவர். அதன் முதல் பாகமான ‘பேரபிள் ஆஃப் த சோவர்’ 1993-இல் வந்தது. கதை தொடங்குவது 2024 ஜூலையில். காட்டுத்தீ, எட்டாத விலையில் தண்ணீர், மதிலுக்குள் முடங்கிய குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு.

படித்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த அம்மாவுக்கு இதெல்லாம் முன்கூட்டியே எப்படித் தெரிந்தது? டீயை ஊற்றிக்கொண்டு இந்த இடத்தில் சற்று நிற்போம். அறிவியல் புனைகதை பற்றி நமக்கு இருக்கிற பெரிய தவறான எண்ணம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

வீட்டுச் சுவரில் விரிசலைப் பார்த்த பாட்டி, “இப்படியே விட்டா ஐப்பசி மழைக்குத் தாங்காதுப்பா” என்கிறாள். பாட்டி ஜோசியம் பார்க்கவில்லை. விரிசலைப் பார்த்தாள், போன வருஷ மழையையும் பார்த்திருக்கிறாள். பட்லர் செய்ததும் அதுவே. அவருக்கு முன்பே ராபர்ட் ஹைன்லைன் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர், அமெரிக்காவில் மதவாதிகளின் சர்வாதிகாரம் வருவதாக 1940-லேயே ஒரு கதை எழுதினார். அதன் தலைப்பே ‘இப்படியே போனால்’ என்பதுதான்.

இனி பட்லர் பார்த்த விரிசல்களைத் தேடுவோம். முழக்கம் எளிது: 1980 தேர்தலில் ரொனால்ட் ரீகன் பயன்படுத்தியது. பட்லர் அப்போது முப்பதுகளில் இருந்தார். கலிபோர்னியாவின் பாசடினாவில், வீட்டுவேலை செய்த தாயிடம் வளர்ந்த கறுப்பினப் பெண்; செய்தித்தாள்களை வெட்டி வெட்டிச் சேர்த்தவர். அவருடைய தாள்கள் இன்று ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன.

மதம் பற்றிய பகுதிக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். நாவலில் ஜாரெட்டின் ஆதரவாளர்கள் வேற்று மதத்தினரைச் சூனியக்காரர் என்று சொல்லி எரிக்கிறார்கள். முதலில் முஸ்லிம், யூதர், இந்து, பௌத்தர். சில ஊர்களில் கத்தோலிக்கர்களும் அந்தப் பட்டியலில் சேர்கிறார்கள். ஜாரெட் கண்டிக்காமல் இல்லை, ஆனால் ஆட்கள் தமக்கு வேண்டியபடி புரிந்துகொள்ளும் அளவுக்கு மென்மையாகக் கண்டிக்கிறார். இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறுகிறது. பிறகு நாயகி லாரன் உருவாக்கிய சிறு குடியிருப்பைப் பிடித்து, அதையே திருத்தல் முகாமாக்குகிறார்கள். பிள்ளைகளைப் பிரித்து, ‘நல்ல கிறிஸ்தவ’ வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இது கற்பனையா? பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் 1879-இல் தொடங்கிய உறைவிடப் பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், தாய்மொழியைத் தடுத்தார்கள். 1883-இல் வந்த அரசு விதிகள் அம்மக்களின் சூரிய நடன வழிபாட்டைக் குற்றமாக்கின; ஆடியவர்களுக்கு ரேஷனை நிறுத்த முடிந்தது. மதச் சுதந்திரம் தரும், அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அப்போது நடைமுறைக்கு வந்து 92 ஆண்டுகள் ஆகியிருந்தன. பூர்வகுடிகளின் வழிபாட்டு உரிமைக்கெனத் தனிச் சட்டம் வந்தது 1978-இல்தான்.

1791-இன் அந்தத் திருத்தம் சொல்வது இரண்டு விஷயம். அரசு எந்த மதத்தையும் தன் மதமாக நிறுவக் கூடாது. எவருடைய வழிபாட்டையும் தடுக்கக் கூடாது. மதத்துக்கும் அரசுக்கும் இடையே சுவர் என்பது நாத்திகர் கேட்டு வாங்கியது என்று பலரும் நினைக்கிறோம். ‘பிரிவினைச் சுவர்’ என்று அப்போதைய அதிபர் ஜெஃபர்சன் எழுதிய 1802-ஆம் ஆண்டுக் கடிதம் யாருக்குப் போனது? கனெக்டிகட் மாநிலத்து டான்பரி ஊரின் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினருக்கு. ஆழ்ந்த பக்தர்கள். அவர்கள் மாநிலத்தில் வேறொரு சபைக்கு அரசு ஆதரவு இருந்தது. அதனால் தங்கள் வழிபாடு உரிமையாக இல்லாமல் சலுகையாக இருக்கிறதே என்று அவர்கள் ஜெஃபர்சனுக்கு எழுதியிருந்தார்கள். அரசு ஒரு சபையைத் தழுவினால் அடுத்த சபைக்காரர் மூச்சுமுட்டிப் போவார் என்பது அவர்களுடைய சொந்த அனுபவம். நாவலில் லாரனின் அப்பாவும் பாப்டிஸ்ட் போதகர்தான்.

அந்தச் சுவர் பற்றிய சச்சரவு இன்னும் ஓயவில்லை. 2024 ஜூனில் லூசியானா மாநிலம், அரசுப் பள்ளிகளின் ஒவ்வொரு வகுப்பறையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. எதிர்த்து வழக்குத் தொடுத்த பெற்றோரில் கிறிஸ்தவப் போதகரும் இருந்தார். அவர் டான்பரிக்காரர்களின் வழியில்தான் நிற்கிறார். அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம்.

இரண்டு நாவல்களையும் வரிசையாகப் படியுங்கள். இரண்டாவதில் முகாம் பற்றிய பகுதிகள் கடினமானவை; நிறுத்தி நிறுத்திப் படியுங்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள். மூன்றாவது நாவலைப் பட்லர் திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்த்தார். அதை முடிக்காமலே 2006-இல் இறந்துபோனார்.