க்யூஆர் கோட்: பணம் கேட்காத வழி

திருவல்லிக்கேணியில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாமே. அங்கே ஓர் அறையில் சிறிய கலைக்கூடம் வைத்திருக்கிறார்கள். ஓவியங்கள், சில சிற்பங்கள், பழைய புகைப்படங்கள். பார்க்க வருபவர்கள் போனைக் காட்டினால் விவரம் தெரியும்படி, ஒவ்வொன்றின் அருகிலும் க்யூஆர் கோட் ஒட்ட முடிவு செய்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்திருக்கும் குற்றத்திற்காக அந்த வேலை என்னிடம் வந்தது. இணையத்தில் கிடைத்த ஓர் இலவசத் தளத்தில் 22 கோட்களைத் தயாரித்து, லேமினேட் செய்து ஒட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு கலைக்கூடத்தின் காவலாளி போன் செய்தார். "சார், போனைக் காட்டினா பணம் கட்டச் சொல்லுதாம். வர்றவங்க என்னைக் கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?" ஓடிப்போய்ப் பார்த்தேன். 22 கோட்களும் அப்படியே.

என்ன நடந்தது? க்யூஆர் கோட் என்பது 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரி பாகங்களை அடையாளம் காண உருவாக்கியது. அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பது வெறும் எழுத்துகள்தான். அதற்குக் காலாவதி தேதியே கிடையாது. இதை ஸ்டேட்டிக் வகை என்பார்கள். ஆனால் பல இலவசத் தளங்கள் தருவது டைனமிக் வகை. அதற்குள் இருப்பது நீங்கள் கொடுத்த முகவரி அல்ல. அந்த நிறுவனத்தின் முகவரி. போன் முதலில் அங்கே போகும், அவர்கள் உங்கள் பக்கத்திற்கு அனுப்பி வைப்பார்கள். இலவசக் காலம் முடிந்ததும் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். நான் இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டேன். அச்சடிக்கும் முன் உங்கள் போனில் ஸ்கேன் செய்து, திரையில் வரும் முகவரியைப் படியுங்கள். நீங்கள் கொடுத்தது இல்லாமல் வேறு பெயர் தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைத் தயாரிக்கலாம். லிப்ரே ஆபீஸ் இலவசம். 2020-ல் வெளியான 6.4 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. புதிய பதிப்புகளில் ரைட்டரைத் திறந்து இன்சர்ட் மெனு, ஓஎல்இ ஆப்ஜெக்ட், க்யூஆர் அண்ட் பார்கோட் என்று செல்லவும். கிடைக்கும் கட்டத்தில் முகவரியை டைப் செய்து ஓகே க்ளிக் செய்யவும். அவ்வளவுதான். எரர் கரெக்ஷன் என்று நான்கு நிலைகள் கேட்கும். கோட்டில் கீறல் விழுந்தாலும் படிக்க உதவுவது இது. கீழ்நிலையில் சுமார் 7 சதவீதம், மேல்நிலையில் சுமார் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். சுவரில் ஒட்டுவதற்கு மீடியம் (15) போதும்.

அளவு? கோட்டின் அகலத்தைப்போல பத்து மடங்கு தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 10 செ.மீ. வேண்டும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விட மறக்காதீர்கள். லேமினேஷன் பளபளத்தால் டியூப் லைட் வெளிச்சம் பட்டுப் படிக்காது. நான் பட்ட அனுபவம்.

எங்கள் அறையில் இன்னொரு தொல்லை, சிக்னல் கிடைக்காது. அப்போது முகவரிக்குப் பதில் வாசகத்தையே கோட்டுக்குள் வைத்துவிடலாம். இணையமே தேவையில்லை. அதிகபட்சம் 2,953 பைட் கொள்ளும். ஆனால் யூனிகோடில் நம் எழுத்துக்கு இடம் அதிகம் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லை கம்ப்யூட்டர் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டாகப் பார்க்கிறது. துண்டுக்கு மூன்று பைட், ஆக 15. இதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்தான். வாசகம் நீள நீளக் கட்டங்கள் நெருங்கிப் போகும், பழைய போன்கள் திணறும். 300 பைட் என்றால் மீடியம் நிலையில் ஒரு பக்கத்துக்கு 69 கட்டங்கள். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். சில போன்கள் வாசகத்தைக் காட்டாமல் இணையத்தில் தேடட்டுமா என்று கேட்கும். எனவே இரண்டு மூன்று போன்களில் சோதித்துப் பாருங்கள்.

300 பைட்டில் என்ன எழுதுவது? கலைக்கூடத்தில் மெரினா உழைப்பாளர் சிலையின் பெரிய புகைப்படம் ஒன்று உண்டு. பழைய சீட்டில் 'வெண்கலம், 1959' என்றும் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் பெயரும் இருந்தன. இவர் 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். அந்தப் பள்ளிதான் இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தக் கல்லூரியின் காவலாளியும் ஒரு மாணவரும்தான் சிலைக்கு மாடலாக நின்றார்கள் என்று சொல்வார்கள். புதிய வாசகத்தில் நான் இதைத்தான் முதலில் வைத்தேன். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் நடந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர்களில் பாதிப்பேர் ஒரு படத்தின் முன் நின்றது 17 விநாடியோ அதற்கும் குறைவாகவோதான். அதற்குள் ஆள் நிற்கும்படி ஏதாவது சொல்ல வேண்டும். 'வெண்கலம்' என்றால் யார் நிற்பார்கள்?

எங்கள் காவலாளி அதைத் தன் போனில் படித்துவிட்டு, புகைப்படத்தின் அருகே போய் நான்கு பேரில் யார் வாட்ச்மேன் என்று நெடுநேரம் தேடினார்.

ஸ்மார்ட் போன் இல்லாதவர்களுக்காக எல்லா வாசகங்களையும் 24 பாயிண்ட் எழுத்தில் அச்சடித்து, ஒரு ஃபைலில் போட்டு அவர் மேஜையில் வைத்திருக்கிறேன். கோட்டைவிட அந்த ஃபைலைத்தான் அதிகம் பேர் எடுத்துப் பார்க்கிறார்கள் என்கிறார் அவர்.