கல்லூரி மாறினால் கிரெடிட்டுகளும் உடன் வருமா?

வங்கியில் 'வரவு' என்பதன் பொருள் வாடிக்கையாளர்கள் அனைவரும் அறிந்ததே. உயர்கல்வியிலும் இப்போது அதுபோன்ற ஒரு வரவு வந்துள்ளது. அதற்குக் 'கிரெடிட்' என்று பெயர். தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்ற அமைப்புக்கான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. மாணவர் ஈட்டும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைத்து, வேறு நிறுவனத்திற்கு எடுத்துச் செல்ல வழி செய்வதே இதன் நோக்கம். கல்விக்கடன் பெற்ற குடும்பங்கள் இதன் செயல்பாட்டை அறிந்திருத்தல் நலம்.

அண்மையில் எங்கள் கிளைக்கு ஒரு தந்தை வந்தார். மத்திய அரசுப் பணியாளரான அவருக்கு நாக்பூரிலிருந்து புவனேசுவரத்திற்கு மாற்றல். மகள் இளங்கலையில் இரண்டு பருவங்களை முடித்து 40 கிரெடிட்டுகள் பெற்றிருந்தாள். ஆனால் இணையக் கணக்கில் 20 மட்டுமே தெரிந்தன. இரண்டாம் பருவத்துக்கானவற்றை முந்தைய கல்லூரி பதிவேற்றவில்லை. புதிய கல்லூரியில் சேர்க்கைக்கான கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "ஓர் ஆண்டு வீணாகிவிடுமா, சார்?" என்று அவர் கேட்டபோது, எங்களிடமும் உடனடி விடை இல்லை.

வரவு வைப்பவர் யார்?

பணத்தை வாடிக்கையாளர் தாமே செலுத்தலாம். கிரெடிட்டை மாணவர் தாமே செலுத்த இயலாது. கல்வி நிறுவனமே பதிவேற்ற வேண்டும். மாணவர் செய்யவேண்டியது, டிஜிலாக்கர் வாயிலாக 12 இலக்க அடையாள எண்ணைப் பெற்று அதனைக் கல்லூரியில் பதிவு செய்தல். இவ்வெண் இப்போது 'அபார்' என்ற பெயரில் வழங்கப்படுகிறது. கல்லூரிப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். தலைப்பெழுத்து வேறுபாடு கூடச் சிக்கலை உண்டாக்கும்.

கணக்கில் உள்ளதெல்லாம் செல்லுபடியாகுமா?

வகுப்பறைப் பாடத்தில் வாரம் ஒரு மணி வீதம், ஒரு பருவத்திற்கு 15 மணி நேரக் கற்பித்தல் ஒரு கிரெடிட் ஆகும். மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி மூன்றாண்டு இளங்கலைக்கு 120 கிரெடிட்டுகள். நான்காண்டுப் படிப்புக்கு 160. மூன்றாண்டுப் படிப்பில் முதன்மைப் பாடத்திற்குக் குறைந்தது 60, துணைப் பாடத்திற்கு 24. பொதுக்கல்வி எனத்தக்க பகுதிகளும் உண்டு: பிறதுறைப் பாடங்களுக்கு 9, மொழித்திறனுக்கு 8, திறன் மேம்பாட்டிற்கு 9, சுற்றுச்சூழல் கல்வி போன்ற பொதுப் பாடங்களுக்கு 6 முதல் 8 வரை.

பொதுப் பாடங்கள் எங்கும் ஒன்றுதானே என்று பலர் எண்ணுகின்றனர். சுற்றுச்சூழல் கல்வி பெரும்பாலும் எளிதில் ஏற்கப்படும். மொழிப்பாடம் அவ்வாறன்று. ஒரு மாநிலத்தில் மராத்தி படித்துப் பெற்ற கிரெடிட், மற்றொரு மாநிலத்தில் அந்தக் கல்லூரி கேட்கும் மொழிக்கு ஈடாகாமல் போகலாம். கணக்கில் கிரெடிட் இருப்பது, அது பெறப்பட்டதற்குச் சான்று மட்டுமே. அதனை எந்தப் பாடத்திற்கு ஈடாகக் கொள்வது என்பதைச் சேரும் நிறுவனமே தீர்மானிக்கிறது.

மேலும் மூன்று வரம்புகளை நினைவிற்கொள்ள வேண்டும். பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பது 2021 ஒழுங்குமுறைகளின் பொதுவிதி. சேமித்த கிரெடிட்டுகள் பொதுவாக ஏழு ஆண்டுகள் வரையே செல்லும். ஒரு பட்டத்திற்குப் பயன்படுத்திய கிரெடிட்டை மற்றொன்றிற்கு மீண்டும் பயன்படுத்த இயலாது. எடுத்த பணம் கணக்கில் இராதது போலவே இதுவும்.

கடனுக்கு என்ன தொடர்பு?

கல்விக்கடன் குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட கல்லூரிக்கும் வழங்கப்படுகிறது. கட்டணம் பெரும்பாலும் கல்லூரிக்கே நேரடியாகச் செலுத்தப்படுகிறது. ஆகவே கல்லூரி மாறும்போது புதிய கட்டண விவரம், நிறுவனத்தின் அங்கீகாரம், எஞ்சிய படிப்புக்காலம் ஆகியவற்றை வங்கி மீண்டும் பார்க்க வேண்டியுள்ளது. கிரெடிட்டுகள் ஏற்கப்படாமல் ஒரு பருவம் கூடினால், கட்டணத்தோடு வட்டியும் கூடும். நிலுவை 4 லட்சம் ரூபாய், வட்டி 9 விழுக்காடு எனக் கொண்டால், ஆறு மாதத்திற்குத் தனிவட்டி மட்டுமே 18,000 ரூபாய். பாதியில் சான்றிதழுடன் வெளியேறுவோர், திருப்பிச் செலுத்தும் காலம் எப்போது தொடங்கும் என்பதையும் முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும்.

மாறுவதற்கு முன் செய்யவேண்டியவை

1. ஒவ்வொரு பருவத் தேர்வு முடிவுக்குப் பின்னரும் கிரெடிட் கணக்கைப் பார்த்தல். விடுபட்டிருந்தால் கல்லூரியில் எழுத்து வடிவில் முறையிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கிக்கொள்ளுதல்.

2. மதிப்பெண் பட்டியலுடன் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்ட நகலையும் பாதுகாத்தல். ஈடு பார்ப்பதற்கு இதுவே அடிப்படை.

3. எத்தனை கிரெடிட்டுகள், எந்தெந்தப் பாடங்களுக்கு ஏற்கப்படும் என்பதைப் புதிய கல்லூரியிடம் கட்டணம் செலுத்துமுன் எழுத்தில் பெறுதல்.

4. அந்தக் கடிதத்துடன் கடன் வழங்கிய கிளையை அணுகுதல். சேர்ந்த பின் தெரிவிப்பதைவிட, சேருமுன் தெரிவிப்பதே நன்று.

முற்கூறிய தந்தை நாக்பூருக்கே நேரில் சென்றார். விடுபட்ட 20 கிரெடிட்டுகளும் கடைசி நாளுக்கு முன் பதிவேறின. புதிய கல்லூரி 40இல் 33ஐ ஏற்றுக்கொண்டது. மராத்திப் பாடங்கள் இரண்டுக்குரிய 4 கிரெடிட்டுகளும், பிறதுறைப் பாடம் ஒன்றிற்குரிய 3 கிரெடிட்டுகளும் ஏற்கப்படவில்லை. அந்த ஏழையும், அதாவது 105 மணி நேர வகுப்பை, வரும் பருவங்களில் கூடுதலாகப் படிக்க அம்மாணவி ஒப்புக்கொண்டாள். ஆண்டு வீணாகவில்லை, கடனின் காலவரையறையும் மாறவில்லை.

கணக்குப் புத்தகத்தை மாதந்தோறும் சரிபார்க்கும் வாடிக்கையாளர்கள், தம் பிள்ளைகளின் இந்தக் கணக்கையும் பருவந்தோறும் சரிபார்க்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.